மாலை ஷிப்டைத் திருப்பித் தாருங்கள்

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும்,

ஜூன் 1 முதல் டயாலிசிஸ் பிரிவில் மாலை 4 மணி ஷிப்ட் கிடையாது என்று மே மாதக் கடைசியில் ஒரு தாளை ஒட்டினீர்கள். எடை பார்க்கும் மிஷினுக்கு நேர் மேலே, ஏறி நின்றால் கண்ணில் படும் உயரத்தில் அது இருந்தது. 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. அன்றைக்கு நாங்கள் எட்டுப் பேர். ஒருவரும் பேசவில்லை. எங்களோடு வரும் நாதஸ்வரக்காரப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். பிறகு என்னிடம், "வைகாசி முகூர்த்தம் இன்னும் பாக்கி இருக்கேம்மா" என்றார்.

எனக்கு வயது 41. பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். இதை எழுதுவதற்கு முன் இரண்டு முறை நேரில் வந்தேன். பதினாறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டும் வாங்கியிருக்கிறேன். இரண்டாம் முறை வந்தபோது அலுவலகத்தில் கிடைத்த பதில் இது: "உடம்பு முடியாதவங்க நீங்க. பகல்ல வந்து டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா. வேலை வேலைன்னு எதுக்கு அலையறீங்க?"

சொன்னவர் எரிச்சலோடு சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறைக்குள் இருக்கும் எண்ணம்தான் ஷிப்டை நிறுத்தியிருக்கிறது என்பதால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். சிறுநீரகம் போனவர்களுக்கு டயாலிசிஸைத் தவிர வேறு வாழ்க்கை கிடையாது, ஆகவே எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறீர்கள். அது தவறு. ஏழு வருஷம் இந்த நோயோடு இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

2018-இல் எனக்குக் கால் வீங்கியது. நாள் முழுக்க மிஷினை மிதிப்பதால் வீங்குகிறது என்று நினைத்து, ராத்திரி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தேன். பி.பி. இருப்பதே எனக்குத் தெரியாது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 9-ஐத் தாண்டியிருந்தது. அந்த வாரமே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

முதல் ஒரு வருஷம் எனக்கு 11 மணி ஷிப்ட். நான்கு மணி நேரத்தில் இரண்டரை, மூன்று லிட்டர் நீரை உடம்பிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இறங்கும்போது பி.பி. இறங்கும், கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும், கண் இருட்டும். மூன்றரை மணி வெயிலில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் விழுந்தால் மறுநாள் காலையில்தான் எழுந்திருப்பேன். வாரத்தில் மூன்று நாள் கடை பூட்டிக் கிடந்தது. மற்ற நாளில் வந்தவர்களும், 'அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். இரண்டு மிஷினை விற்றேன். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் படுத்திருக்கும் அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவாள். அந்தச் சத்தமில்லாத சாத்தல் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 'ரெஸ்ட்' எப்படி இருக்கும் என்பதை ஒரு வருஷம் முழுக்க நான் பார்த்திருக்கிறேன்.

2019-இல் மூன்றாவது ஷிப்ட் வந்தது. காலை 9 மணிக்குக் கடையைத் திறந்து 3 மணிக்குக் கட்டிங் கத்தரியை உறையில் போட்டால், 4 மணிக்குக் கட்டிலில் இருப்பேன். எட்டு மணிக்கு ஊசியை எடுப்பார்கள். எட்டே முக்கால் பஸ். அதே களைப்புதான், அதே கால் இழுப்புதான். ஆனால் அது முழுவதும் தூக்கத்தில் கழிந்துவிடும். காலையில் எழுந்தால் வாரத்திலேயே நல்ல நாள் அதுதான். உடம்பில் நீர் இல்லை, வாயில் கசப்பு இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. பகல் ஷிப்ட் அந்த நல்ல நேரத்தையும் படுக்கையிலேயே தின்றுவிடும். வித்தியாசம் ஐந்தே மணி நேரம். அதில் ஒரு கடை திரும்பி வந்தது. விற்ற மிஷினுக்குப் பதில் ஒரு ஓவர்லாக் மிஷினும் சேர்த்து வாங்கினேன்.

என் இடது கையில் முழங்கைக்கு மேலே ஃபிஸ்டுலா இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம். விரல் வைத்துப் பார்த்தால், தையல் மிஷின் ஓடும்போது மேசையில் கை வைத்தால் தெரியுமே, அப்படி ஒரு அதிர்வு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் கண் விழித்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அதிர்வு நின்றிருந்தால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம், அப்படியே ஓட வேண்டும். அந்தக் கையில் வளையல் போடுவதில்லை, பி.பி. பார்க்க விடுவதில்லை, துணி மூட்டை தூக்குவதில்லை. துணியைப் பிடித்து நகர்த்த அந்தக் கை போதும். வாரம் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு ஊசி. ஏழு வருஷத்தில் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே கையால்தான் போன தை மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வேலை வைத்த ரவிக்கை தைத்தேன்.

குடிக்க ஒரு நாளைக்கு 750 மில்லி. காலையில் பாட்டிலில் அளந்து கட்டிங் மேசையின் ஓரத்தில் வைத்துவிடுவேன். டீ குடித்தால் அந்த அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடுவேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும் சித்திரை மத்தியானத்தில் ஒரு ஐஸ் கட்டி. காய்கறியை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பேன். காய்கறியிலும் இளநீரிலும் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னை மரம் நிற்கிறது. ஏழு வருஷமாக இளநீர் தொட்டதில்லை. மாம்பழக் காலத்தில் மட்டும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மிஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் ஒரு கீற்று. டப்பாவைத் திறந்ததும் வார்டே மணக்கும். சிஸ்டர் வந்து, "ஒண்ணுதானே?" என்று எண்ணிவிட்டுப் போவார். எட்டுக் கட்டிலிலும் அன்றைக்குப் பேச்சு மாம்பழத்தைப் பற்றித்தான் இருக்கும். எந்தத் தோப்பு, எந்த ரகம், யார் வீட்டு மரம் என்று நான்கு மணி நேரம் போவதே தெரியாது.

இதையெல்லாம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. நாங்கள் எங்கள் பங்கைச் செய்கிறோம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு மடக்கையும் அளந்து, ஒவ்வொரு மணி நேரத்தையும் இடம் பார்த்து அடுக்கித்தான் நாங்கள் வாழ்கிறோம். அப்படி அடுக்கிய ஒன்றை ஒரு தாளை ஒட்டிக் கலைத்துவிட்டீர்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். உங்கள் பிரிவில் எட்டு மிஷின். மூன்று ஷிப்ட், ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 144 டயாலிசிஸ். நோயாளிகள் 48 பேர். தலைக்கு மூன்று. இப்போது இரண்டு ஷிப்டில் 96 தான் ஆகிறது. 48 பேரும் அப்படியே இருக்கிறோம். ஆகவே தலைக்கு இரண்டு. மாலை ஷிப்டை நிறுத்தியதாக மட்டும்தான் தாளில் இருந்தது. எல்லோருடைய சிகிச்சையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது அதில் இல்லை. பகல் ஷிப்டில் வரும் 32 பேருக்கு முதல் வாரம்தான் இது புரிந்தது.

நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் வேலை செய்கிறது. எங்களுக்கு 12 மணி நேரம் கிடைத்தது. அதை 8 ஆக்கிவிட்டீர்கள். திங்கள், வியாழன் என்று எனக்குப் போட்டிருக்கிறீர்கள். வியாழன் முடித்தால் அடுத்த திங்கள் வரை நான்கு நாள். அமெரிக்காவில் 32,000 டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மேல் வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வாரம் மூன்று முறை போடுகிறவர்களுக்கே, இரண்டு நாள் இடைவெளி விழுந்த அடுத்த நாளில்தான் மாரடைப்பும் மரணமும் கூடுகின்றன என்று அது காட்டியது. எங்களைப் போன்ற நோயாளிகளைப் பார்க்கும் எந்தச் சிறுநீரக மருத்துவருக்கும் தெரிந்த சேதி இது. உங்கள் மருத்துவமனையிலேயே சாட்சி இருக்கிறது. ஜூன் மாதத்தில் எங்கள் பதினாறு பேரில் இரண்டு பேர் நள்ளிரவில் நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் அது நான்காவது நாள். வீட்டிலிருந்து டெக்னீஷியனைக் கூப்பிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு மிஷினை ஓட்டினீர்கள். மாலை எட்டு மணி வரை ஓட்ட ஆள் இல்லை என்ற இடத்தில் இரண்டு மணிக்கு ஓட்ட வேண்டியதாயிற்று. பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

மாலை ஷிப்ட் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நீங்கள் அவர்களைக் கட்டில் எண்ணால்தான் அறிவீர்கள், நான் அவர்களுடைய தொழிலால் அறிவேன். ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுகிறார். காலை ஷிப்டுக்கு வந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட முடியாது, 11 மணி ஷிப்டுக்கு வந்தால் திரும்பக் கூட்டிவர முடியாது. ஒன்பது பிள்ளைகளின் பெற்றோர் வேறு ஆட்டோவுக்கு மாறிவிட்டார்கள். இன்னொருவர் உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. விடுப்பெல்லாம் தீர்ந்து இப்போது சம்பளம் இல்லாத விடுப்பு. பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கும் பையன் ஒருவன், வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத விட மாட்டார்கள் என்று டயாலிசிஸைத் தள்ளிப்போட ஆரம்பித்திருக்கிறான். எனக்கு மிகவும் பயமாக இருப்பது அவனை நினைத்துத்தான். இருபது வயதில் உயிருக்கும் படிப்புக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவனை நிறுத்தியிருக்கிறோம்.

நாதஸ்வரக்காரருக்கு வயது 58. உடம்பில் நீர் ஏறினால் அவருக்கு முதலில் தெரிவது வாயில் வைத்து ஊதும் சீவாளியில்தான். "மூச்சு பாதியிலேயே அறுந்துபோகுது" என்பார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை டயாலிசிஸ் விழும்படி தேதி பார்த்து ஒப்புக்கொள்வார். விடிகாலையில் லேசான உடம்போடு போய் உட்கார்ந்து கெட்டிமேளம் வரை வாசித்துவிட்டு வருவார். இப்போது நான்கு நாள் இடைவெளியில் அவரால் வாசிக்க முடியவில்லை. ஆனியில் மூன்று கல்யாணத்தை விட்டுக் கொடுத்துவிட்டார். சம்பளம் போனதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. வாத்தியத்தை உறையிலிருந்து எடுப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

எனக்குப் போனது 160 செட் பள்ளி யூனிபார்ம். எட்டு வருஷமாகக் கொடுத்துவந்த பள்ளி. ஜூன் முதல் வாரத்தில் பாதி கூட முடியவில்லை. என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் காஜா எடுத்து, பட்டன் வைத்து, விடிய விடிய உழைத்துப் பார்த்தார்கள். அளவும் வெட்டும் என் கை வேலை, அது நடக்கவில்லை. அவர்களில் ஒருத்தி கணவனை இழந்தவள். மாலை ஷிப்ட் போனதில் சிறுநீரகம் நன்றாக இருக்கும் அவளுக்கும் வருமானம் போயிற்று.

உங்கள் தரப்புக் காரணங்களாக இரண்டு என் காதுக்கு வந்தன. ஒன்று, டெக்னீஷியன் பற்றாக்குறை. உண்மைதான். ஒருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார், ஒருவர் மாற்றலாகிப் போனார். மிச்சம் இருப்பவர்கள் எப்படி உழைக்கிறார்கள் என்பதை எங்களைவிட நன்றாக யாரும் பார்த்ததில்லை. 2020 ஊரடங்கில் ஒரு நாள் கூட மிஷின் நிற்காமல், முழு உடைக் கவசத்துக்குள் வியர்வை சொட்ட எங்களுக்கு ஊசி போட்டவர்கள் அவர்கள். அவர்கள் மேல் இன்னும் பாரம் ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. காலியான இடத்தை நிரப்புவதற்குப் பதிலாக ஷிப்டை நிறுத்தியதைத்தான் கேட்கிறேன். மற்றொன்று, மாலையில் டாக்டர் இல்லை என்பது. ஆறு வருஷமாக அவசரப் பிரிவின் பணி மருத்துவர்தான் மாலையில் எங்களையும் பார்த்தார். அவர் இப்போதும் அதே கட்டிடத்தில்தான் இருக்கிறார்.

இலவசமாகக் கிடைக்கிறதே, கிடைத்த நேரத்தில் வந்துவிட்டுப் போகலாமே என்று சிலர் நினைக்கலாம். தனியாரில் போட்டுக்கொள்ள எங்களால் ஆகாது, அது சரி. ஆனால் எங்கள் வேலையைக் காக்க வேறு எந்தப் பிடிப்பும் எங்களுக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ரத்த நோய்களான ஹீமோபிலியாவும் தலசீமியாவும் அதில் இருக்கின்றன. டயாலிசிஸில் வாழ்பவர்கள் இல்லை. வேலை கொடுப்பவரிடம் காட்ட எங்களிடம் ஒரு அட்டை கிடையாது. மாலை 4 மணி என்ற நேரம்தான் எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

2021 மார்ச் 11 உங்களுக்கு நினைவிருக்கும். உலகச் சிறுநீரக நாள். 'சிறுநீரக நோயோடு நலமாக வாழ்தல்' என்பது அந்த ஆண்டுக்கு உலக அளவில் வைத்த கருப்பொருள். மருத்துவமனை வாசலில் அதைப் பேனரில் போட்டு, மாலை ஷிப்டில் வந்து தொழில் செய்யும் பெண் என்று என்னை மேடையேற்றிப் பேசச் சொன்னீர்கள். எனக்குப் பேச வராது. கடையில் தைத்த குழந்தைகள் கவுன் ஒன்றை எடுத்துப்போய்க் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கவுனைத் தைக்க வைத்த ஷிப்டைத்தான் இப்போது மூடியிருக்கிறீர்கள்.

அதே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. மிஷினும் ஊசியும் இல்லாமல், வீட்டிலோ வேலை இடத்திலோ சுத்தமான ஒரு மூலையில் உட்கார்ந்து பையை மாற்றிக்கொள்ளும் முறை அது. எல்லோருக்கும் ஒத்துவராது என்று தெரியும். ஆனால் எங்கள் 48 பேரில் யாருக்கு ஒத்துவரும் என்று இதுவரை யாரும் உட்கார வைத்துப் பேசியதில்லை. அந்தக் கல்லூரிப் பையனுக்கு ஒருவேளை அது வழியாக இருக்கலாம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு எங்களில் ஐந்து பேர் பதிந்து காத்திருக்கிறோம். நானும் ஒருத்தி. வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் நடந்ததை ராசியாகச் சொல்லிக்கொள்வோம், இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அது என்பதால். எந்த ராத்திரியிலும் அழைப்பு வரலாம் என்று போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறோம். அந்த அழைப்பு வரும்போது அறுவைக்குத் தாங்கும் உடம்பு வேண்டும். வாரம் எட்டு மணி நேர டயாலிசிஸில் அந்த உடம்பு மிஞ்சாது.

எங்களுக்கு வேண்டியவை இவை.

ஆகஸ்ட் 15-க்குள் மாலை 4 மணி ஷிப்டைத் திரும்பத் தொடங்குங்கள். அதுவரை, வாரம் இரண்டாகக் குறைத்ததை எந்த மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையில் செய்தீர்கள் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லுங்கள். அப்படிப் பரிந்துரை இல்லையென்றால், நான்கு நாள் இடைவெளி விழும் நோயாளிகளுக்கு மூன்றாவது டயாலிசிஸ் இந்த வாரமே வேண்டும். பக்கத்து அரசு மருத்துவமனைகளில் இடம் கேட்டு வாங்கித் தந்தாலும் வருகிறோம்.

காலியாக உள்ள டெக்னீஷியன் இடங்களுக்கு ஒப்பந்த முறையிலாவது உடனே ஆள் போடும்படி இணை இயக்குநர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிரசவ விடுப்பில் இருப்பவர் அவசரமாகத் திரும்பி வரும்படி அவருக்கு நெருக்கடி தரக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

சிறுநீரக மருத்துவர் ஒருவர் ஒரு நாள் முழுதும் எங்களோடு உட்கார்ந்து, வயிற்று வழி டயாலிசிஸ் யாருக்குப் பொருந்தும் என்று குடும்பத்தையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இனி ஷிப்ட் நேரத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் வயது, எடை, ரத்த வகை எல்லாம் இருக்கிறது. என்ன வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு என்பதற்கும் ஒரு வரி சேருங்கள்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். அதையும் எடை மிஷினுக்கு மேலே, முன்பு ஒட்டிய அதே இடத்தில் ஒட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு முறையாவது 48 பேரும் அங்கே ஏறி நிற்கிறோம்.

இப்படிக்கு,
மாலை ஷிப்ட் நோயாளிகள் பதினாறு பேரின் சார்பில்,
செவ்வாய், வியாழன், சனி வந்துகொண்டிருந்த தையல்காரி